ஏ.எம்.எக்ஸ் ஓட்டிய அங்கிளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அங்கிள்,

தேக்கா உணவங்காடியில் தே தாரிக் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் நீங்கள் சொல்லித் தந்தவற்றுக்கு, எழுந்து போகும்போது சொன்ன ஒரு நன்றி போதாது. உங்களோடு அந்த வண்டியில் இருந்த மற்றவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கட்டிக்கொண்டிருந்தது ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கியின் சிறு மாதிரி. முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. உடல் நீளம் 14 சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. டமியா நிறுவனத்தின் மாதிரிப் பெட்டிக்குள் பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அந்த வண்டி பிரெஞ்சுக்காரர்களுடையது. ஒட்டுப்படங்கள் அவர்களுடையவை, நிறக்குறிப்பும் அவர்களுடையதே. நான் கட்ட நினைத்ததோ நம் சிங்கப்பூர் வண்டியை.

நம் வண்டி என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபோது பிரிட்டிஷார் கையில் அங்கே ஒரு டாங்கிகூட இல்லை. 1942 ஜனவரியில் சிலிம் ஆற்றுப் பகுதியில் ஜப்பானிய டாங்கிகள் காவல் வரிசையைக் கிழித்துக்கொண்டு வந்தன. அடுத்த மாதம் 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. 1969 தேசிய தின அணிவகுப்பில் பாடாங் பக்கம் முதன்முதலாக நம் டாங்கிகள் உருண்டபோது, அந்த ஆகஸ்ட் காலையைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இஸ்ரேலிடமிருந்து புதுப்பித்து வாங்கிய 72 ஏ.எம்.எக்ஸ்களில் முதலில் வந்து சேர்ந்தவை அவை.

இதே வகை டாங்கிதான் 1962 அக்டோபரில் இந்திய விமானப்படையின் ஆன்டனோவ்-12 விமானங்களில் ஏறி லடாக்கின் சுஷூல் வரை போனது. பதினான்காயிரம் அடி உயரத்தில், புல் முளைக்காத குளிரில் நின்ற வண்டியும், சிங்கப்பூரின் லிம் சூ காங் மழையில் நனைந்த வண்டியும் ஒரே பெட்டிப் பாகங்களில் பிறக்கின்றன. எது எந்த ஊர் வண்டி என்று சொல்வது மண்ணும் துருவும் தேய்மானமும்தான். அந்தத் தேய்மானம் எங்கே இருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொன்னீர்கள்.

குண்டு நிரப்பத் தனி ஆள் இந்த டாங்கியில் கிடையாது. ஓட்டுநர், தளபதி, சுடுநர் என மூவரே. கோபுரத்தின் பின்புறம் இரண்டு சுழல் உருளைகள், உருளைக்கு ஆறு குண்டுகள். பன்னிரண்டும் தீர்ந்தால் யாராவது வெளியே ஏறி நின்றுதான் நிரப்ப வேண்டும். இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். "ஏறி நின்னா பூட்ஸ் எங்கப்பா படும்?" என்று நீங்கள் கேட்ட பிறகுதான், கோபுரத்தின் பின்மேற்பரப்பில் பச்சை தேய்ந்து இரும்பு தெரிய வேண்டும் என்பது உறைத்தது. பஞ்சுத் துண்டில் கருஞ்சாம்பல் நிறம் தொட்டு அங்கே மட்டும் ஒற்றினேன். ஓரங்களை எல்லாம் ஒரே மாதிரி சுரண்டிவைக்கும் வழக்கம் அன்றோடு போயிற்று.

எஞ்சின் முன்னால், உங்கள் வலத்தோளுக்குப் பக்கத்தில். அந்தச் சூட்டில் மூடியை மூடிக்கொண்டு ஓட்ட யாருக்கு மனம் வரும் என்றீர்கள். அதனால் என் டாங்கியில் ஓட்டுநர் மூடி திறந்தே இருக்கிறது. மூடியின் உட்புறமும் அழுக்கேறிக் கிடக்கிறது. வண்டியை இழுப்பது முன்பல்சக்கரம் என்பதால் செம்மண் முதலில் அங்கேதான் அப்பும் என்றீர்கள். பெட்டிப் படத்தில் இருந்த ஐரோப்பியச் சாம்பல் புழுதியை விட்டுவிட்டு, செங்காவிப் பொடியைப் பசையோடு குழைத்து அப்பினேன். மேலிருந்து கீழாக மழைநீர் வடிந்த கோடுகளை மெல்லிய எண்ணெய் வண்ணத்தில் இழுத்தேன். கோபுரத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடத்தில் உள்ள கித்தான் மடிப்பில் மட்டும் தூசு தங்க விட்டேன்.

எண்பலகையில் எம்.ஐ.டி. என்று முடிக்கச் சொன்னீர்கள். அந்த மூன்றெழுத்து குறித்த உள்துறை, தற்காப்பு அமைச்சு 1970இல் இரண்டாகப் பிரிந்த பிறகும் ராணுவ வண்டிகளில் அது தங்கிவிட்டது. மில்லிமீட்டர் உயரத்தில் அதை எழுதியது வேலையிலேயே கடினமான வேலை. அது ஏறிய நிமிடத்தில் டாங்கி பிரான்சை விட்டு இங்கே குடிவந்துவிட்டது.

படங்களைப் பார்த்தே செய்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை அணிவகுப்புப் படங்கள். அணிவகுப்புக்கு முன் வண்டியைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கியவர்களே நீங்கள்தானே! முகாமுக்குள் நினைத்தபடி படம் எடுக்கவும் முடியாது. சேற்றில் உழைத்த வண்டியின் உண்மையான முகம் ஓட்டியவர்கள் நினைவில்தான் இருக்கிறது. சின்ன வண்டியைத் துல்லியமாகச் செய்வதற்குக் கூரிய கத்தியைவிட அந்த நினைவுதான் எனக்குப் பெரிய கருவி. அதை ஒரு கோப்பைத் தேநீருக்குக் கொடுத்தீர்கள். தேநீருக்கும் நீங்களே காசு கொடுத்தீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1980களின் இறுதியில் டீசல் எஞ்சினோடு எஸ்.எம்.1 ஆக மாறிய ஏ.எம்.எக்ஸும், லெப்பர்ட் டாங்கிகள் வந்த பிறகு ஓய்வுக்குப் போய்விட்டது. தொடக்கக் காலத்தில் ஓட்டியவர்கள் இன்று தாத்தாக்கள். உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ தேசிய சேவையில் கவச வண்டியில் இருந்தவர் என்றால் ராணுவ ரகசியம் எதையும் கேட்க வேண்டாம். எங்கே உட்கார்ந்தார், எங்கே கால் வைத்து ஏறினார், எது கையைச் சுட்டது என்று கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதி வையுங்கள்.


உங்கள் வண்டியைச் சிறிதாகக் கட்டியவன்