கப்பலில் வந்த அட்டைகள்

கதைகள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. இரும்புக்கை மாயாவி, சி.ஐ.டி. லாரன்ஸ், டேவிட், ஜானி நீரோ என்று பழைய காமிக்ஸ் ஆட்கள் பலரும் சிவகாசியிலிருந்து மறுபதிப்பாக வந்துவிட்டார்கள். நல்ல தாள், தெளிந்த அச்சு. வாங்கினேன், ஒரே மூச்சில் வாசித்தேன், மனம் நிறைந்தது. ஆனால் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தால் மேலே இருப்பது வேறு அட்டை. எருக்கலம்பிட்டியில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருந்த அட்டை அது இல்லை. எனக்கு ஏக்கம் அந்த அட்டைகளின் மேல்தான்.

அட்டையில் அப்படி என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். சொல்லவேண்டிய விஷயம்தான்.

மாயாவி கதை 1962இல் லண்டனில் தொடங்கிய ‘வேலியன்ட்’ என்ற வார இதழில் வந்தது. எழுதத் தொடங்கியவர் கென் புல்மர். படம் போட்டவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சலோனாக்காரர். வாரத்துக்குச் சில பக்கங்களாக, கறுப்பு மையில், நிழலும் வெளிச்சமும் அவ்வளவு துல்லியமாக விழும்படி வரைந்தார். அறையில் ஆள் இல்லை, ஒரு இரும்புக் கை மட்டும் கதவுப் பிடியைத் திருப்புகிறது என்றால் அந்தக் கதவின் மர வரிகள்கூடத் தெரியும். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமாக வந்தது இந்த மாயாவிதான். முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்த காலம் அது.

வார இதழில் துண்டு துண்டாக வந்த தொடருக்குத் தனி அட்டை ஏது? அதைப் புத்தகமாக்கினால் அட்டை புதிதாக வேண்டும். அதனால் அந்த நாளைய அட்டைகள் பலவற்றைச் சிவகாசி ஓவியர்களே தீட்டினார்கள். நாட்காட்டிக்கும் தீப்பெட்டிக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் படம் அச்சிட்டுப் பழகிய ஊர். அந்தச் சிவப்பும் மஞ்சளும் மயில் நீலமும் அப்படியே மாயாவியின் மேலும் வந்து விழுந்தன. உள்ளே பார்சலோனாவின் கறுப்பு வெள்ளை. வெளியே சிவகாசியின் வண்ணம். அந்தப் புத்தகத்தில் படம் என்று நம் ஆட்கள் கை வைத்த இடம் அட்டை ஒன்றுதான். அதில் பெரும்பாலும் ஓவியரின் பெயரும் இருக்காது. லயன் காமிக்ஸ் அட்டைகளின் மாலையப்பனைப் போலச் சிலரைத்தான் வாசகர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். மற்றவர்கள் அட்டையோடு அட்டையாகப் போய்விட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

அந்தப் புத்தகங்கள் எங்கள் மன்னார்த் தீவுக்குக் கப்பலில் வந்தன. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. ‘இராமானுஜம்’ என்று அதற்குப் பெயர். எங்கள் ஊரில் யாராவது அக்கரைக்குப் போவதும் வருவதுமாகவே இருப்பார்கள். சேலை, சாரம், எவர்சில்வர் ஏனம் என்று மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். என் மாமா ஒருவர் அப்படிப் போய் வருகிறவர். மூட்டைக்குள் சேலைகள் மடங்காமல் இருக்க அடியில் தட்டையாக எதையாவது வைக்க வேண்டும். அவர் முத்து காமிக்ஸ்களை வைப்பார். தலைமன்னார் பியரில் சுங்கம் முடிந்து மாமா வீட்டுக்கு வந்து மூட்டையை அவிழ்த்தால், உம்மாவும் தாத்தாவும் சேலையைப் பார்ப்பார்கள். நானும் காக்காவும் அடியில் கையை விடுவோம்.

இந்திய விலையைப் பேனாவால் வெட்டிவிட்டுப் பின் அட்டையில் நீல மையால் நம்முடைய காசில் ஒரு விலை எழுதியிருக்கும். கடைக்குக் கொடுப்பதற்கு மாமா எழுதியது. கடைக்குப் போகுமுன் இரண்டு நாள் எங்களிடம் இருக்கும். பிறகு கடையில் வாடகைக்குத் தொங்கும். நாள் கணக்குக்குக் காசு. பள்ளிக்கூடப் பெடியன்களெல்லாம் வாசித்து முடிந்து, அட்டை நைந்து, இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்றான பிறகு மறுபடி எங்கள் கைக்கு வரும். அப்படிச் சேர்ந்ததுதான் பெட்டி.

மன்னாரில் இருந்த புத்தகத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். நடுவில் அடித்த கம்பி இரண்டும் துருப்பிடித்திருக்கும். எங்கள் ஊரில் சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் காற்றில் உப்புதான். சைக்கிள் கம்பியே ஒரு வருஷம் தாங்காது, இந்த மெல்லிய கம்பி எங்கே தாங்கும்? துரு கம்பியை விட்டு இறங்கித் தாளுக்குள் ஊறி, அட்டையின் முதுகில் இரண்டு பழுப்புப் பொட்டு விழும். நாளாக நாளாகப் பொட்டு பெரிதாகும். இரும்புக் கை வரைந்த அட்டையில் உண்மையான இரும்பின் கறை. பெட்டியில் வேப்பிலை போட்டு வைப்பாள் உம்மா. பூச்சி வராது. துருவுக்கு அவளிடமும் மருந்து இல்லை.

1984இல் கப்பல் நின்றது. அதே வருஷம் ஜூலையில்தான் அக்கரையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் பிறந்தன. லயனில் மாடஸ்டி பிளைசி, ராணியில் ஜேம்ஸ் பாண்ட். காமிக்ஸ் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் அப்படியொரு பொற்காலம் தொடங்கிய நேரத்தில் எங்கள் பியரில் கப்பல் இல்லை. அதன் பிறகு வந்ததெல்லாம் கொழும்பைச் சுற்றி, ரயிலேறி, பல மாதம் பிந்தி, விலை கூடி வந்தவை. வந்தவரையில் வாங்கினோம். லயன் அட்டைகளின் வண்ணம் இன்னும் கூர்மையாக இருந்தது.

1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டோம். எங்கள் ஊர்ச் சனம் கடற்கரையில் கூடி, மழையில் காத்துக் கிடந்து, வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய் இறங்கியது. எதை எடுப்பது எதை விடுவது என்ற நேரத்தில் யாரும் காமிக்ஸ் பெட்டியைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். நானும் கதைக்கவில்லை. வாப்பாவின் உறுதிப் பத்திரங்கள், பிள்ளைகளின் உடுப்பு, ஒரு சட்டி. வீடு, தென்னை, கிணறு, பள்ளிவாசல் எல்லாவற்றையும் விட்ட இடத்தில் அட்டைகளுக்காக அழுவது எனக்கே முறையாகப் படவில்லை. அழுகை வந்தது பல வருஷம் கழித்து, புத்தளத்தில் பிள்ளைகள் வாசிக்கிற வயதுக்கு வந்தபோது. காட்ட ஒன்றும் இல்லை.

அப்போதுதான் தேடத் தொடங்கினேன். கொழும்புக்குப் போனால் மருதானையில், டி.ஆர். விஜேவர்த்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் ஒரு சுற்று. பாடப் புத்தகங்களுக்குக் கீழே எப்போதாவது ஒரு முத்து கிடக்கும். தமிழ்நாட்டில் பழைய முத்து காமிக்ஸுக்கு இப்போது ஆயிரக்கணக்கில் விலை. என்னால் அது முடியாது. லண்டனில் இருக்கும் மருமகன் ஒருவன்தான் இன்னொரு வழி காட்டினான். மூலப் புத்தகங்களை அங்கே பழைய சந்தையில் மலிவாக எடுத்து அனுப்பினான்.

அந்தப் பார்சலில் 1967இல் வந்த ஃபிளீட்வே சூப்பர் லைப்ரரி புத்தகம் ஒன்று இருந்தது. அந்த வரிசையில் மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் முழுக்கதைப் புத்தகங்கள் உண்டு, தீட்டிய வண்ண அட்டையோடு. அதே ஃபிளீட்வேயின் போர்க்கதைப் புத்தகங்களும் சில. 1958இல் தொடங்கிய ‘வார் பிக்சர் லைப்ரரி’ அட்டைகளை மிலான் நகரின் டாமி ஸ்டுடியோ வழியாக இத்தாலிய ஓவியர்கள் பலர் தீட்டினார்கள். ஜியோர்ஜியோ டி காஸ்பரி, பினோ டெல்லோர்கோ, பிஃபிஞ்ஞாண்டி என்று பெயர்கள். புகையும் நெருப்புமாக, முகத்தில் வேர்வை மின்ன, ஒவ்வொன்றும் அருமையான ஓவியம். அவர்களும் பேர் தெரியாமல் வேலை பார்த்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு ஒருவர் கிடைத்தார். டேவிட் ரோச் என்பவர் 2007இல் அந்த அட்டைகளைத் திரட்டிப் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார், வரைந்தவர்களின் பெயரோடு.

சிவகாசி அட்டைகளுக்கும் அப்படி ஒரு புத்தகம் வர வேண்டும். அவை மிலான் ஓவியங்களுக்கு ஈடா என்று கேட்டால், கை நேர்த்தியில் பல அட்டைகள் ஈடாகா. மாயாவியின் முகம் அட்டைக்கு அட்டை மாறும். துப்பாக்கி சில நேரம் விளையாட்டுச் சாமானாகவே இருக்கும். ஆனால் பார்சலோனாவையும் லண்டனையும் கண்ணால் காணாத ஒருவர், உள்ளே இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, அதற்கு எங்கள் திருவிழாக் கடை நிறங்களைக் கொடுத்து, மன்னார்ப் பெடியன் ஒருவன் கையை நீட்டும்படி செய்தார். அந்த வேலையை மிலான் அட்டை எனக்குச் செய்யவில்லை. அழகு தெரிகிறது, மதிப்பு தெரிகிறது, கை மட்டும் தானாக நீளவில்லை.

போருக்குப் பிறகு ஊருக்குப் போனேன். எங்கள் வளவில் உடை மரம் வளர்ந்து நின்றது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம். பெட்டியைத் தேடவில்லை, தேட என்ன இருக்கிறது. 2015இல் தலைமன்னார் வரை ரயில் மறுபடி ஓடியது, அதிலும் ஒரு முறை போய்ப் பழைய பியரைப் பார்த்து வந்தேன். பேரப்பிள்ளைகள் கப்பல் எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். கை காட்டினேன்.

எங்கள் ஊர்க் கடையில் வாடகைக்கு எடுத்த புத்தகங்கள் எல்லாம் திரும்பி வரவில்லை. பேசாலைக்கும் தாராபுரத்துக்கும் தலைமன்னாருக்கும் போனவை உண்டு. அவற்றில் சில மடு வழியாகவோ மண்டபம் முகாம் வழியாகவோ, கனடா வரைக்கும்கூடப் போயிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் விலைக்குத் தாருங்கள் என்று கேட்கவில்லை. செலோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி வண்ணத்தைத் தின்றுவிடும். லேமினேட் செய்யாதீர்கள். துருப்பிடித்த கம்பியை மெதுவாகக் கழற்றிவிட்டு அதே துளையில் நூல் கோர்த்துத் தையுங்கள். கறையைத் துடைக்க வேண்டாம். வெயில் நேராகப் படாத பகல் வெளிச்சத்தில் அட்டையை ஒரு படம் எடுத்து வையுங்கள். பின் அட்டையையும் எடுங்கள், நீல மையில் விலை எழுதியிருந்தால் அங்கேதான் இருக்கும்.