கடிதம் எழுதிய கை

பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்தவர்க்கு ஊர்க் கடிதத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தோட்டத்து லயத்திலே கடிதம் வந்த நாள் திருநாளன்றோ? எழுத்தறியாத என் பாட்டனார் அவ்வருமையை மலாயாவுக்கு வருமுன்பே உணர்ந்தவர். முதல் உலக யுத்தத்தில், 1916-ஆம் ஆண்டு, சென்னை சாப்பர் படையில் ஒருவராக, இன்று ஈராக் எனப்படும் மெசபொட்டேமியாவின் பாஸ்ரா துறைமுகத்தில் இறங்கியவர் அவர். சிறுவயதில் அவர் வாயிலாகக் கேட்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பாஸ்ரா வெயிலை நம் நாட்டு வெயிலோடு ஒப்பிடலாகாது. கோடையில் நிழலிலேயே உஷ்ணம் பாரன்ஹீட் 120 பாகையை எட்டும். இருள் பிரியுமுன் எக்காளம் ஊதும். பாதை போடுதல், பாலம் கட்டுதல், ஆற்று வெள்ளத்தைத் தடுக்க மண்ணணை எழுப்புதல் ஆகியவையே சாப்பர்களின் வேலை. வெயில் ஏறியதும் கூடாரத்துள் புகுந்தால் அங்கும் அனல்; சோற்றில் ஈ; குடிநீரில் மருந்து நெடி. பச்சைக் காய்கறி கிட்டாமையால் அவ்வாண்டு இந்தியப் படையினரிடையே ஈறு வீங்கி இரத்தம் கசியும் நோய் பரவியது. கண்ணுக்கெட்டிய தூரம் பேரீச்ச மரங்கள். “பனைதான், ஆனால் நுங்கு இல்லாத பனை” என்று பாட்டனார் சொல்லிச் சிரிப்பார். சிரித்தபின் சற்று நேரம் பேசமாட்டார்.

ஓய்வு நாள் மாலையில் கடிதம் எழுதும் வேலை நடக்கும். அக்கூடாரத்தில் எழுதத் தெரிந்தவர் ஒருவரே. அவர் சேரியிற் பிறந்து, பாதிரியார் பள்ளியில் பயின்றவர். ஊரிலாயின் என் பாட்டனார் வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார இயலாது. அங்கோ, மடியில் பலகை வைத்து அவர் எழுத, மற்றவர் சூழ்ந்திருந்து தத்தம் முறைக்குக் காத்திருப்பர். “அண்ணே, வெயிலைப்பற்றி எழுத வேண்டாம், ஆத்தாள் அழுவாள். மாடு கன்று போட்டதா என்று கேளுங்கள்” என்பாராம் பாட்டனார். மறுமொழி வர மாதங்கள் ஆகும். வந்தால் படித்துக் காட்டுபவரும் அவரே. தம் வீட்டுத் துயரமெல்லாம் அறிந்த ஒருவரைத் தீண்டத்தகாதவர் என எங்ஙனம் ஒதுக்குவது? ஒரே சட்டியிற் சமைத்து, ஒரே பந்தியில் உண்டனர்.

1917 ஜூலையில் வெயில் எதிரியினும் கொடிதாயிற்று. ஒரு பகல், வேலைத்தலத்திலே அவர் சுருண்டு விழுந்தார், எழவில்லை. அவர் தாயாருக்குச் செய்தி எழுத அக்கூடாரத்தில் எழுத்தறிந்தவர் எவருமில்லை.

அந்நாட்டில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,000-க்கு மேற்பட்டோருக்கு 1929-இல் பாஸ்ராவில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதிகாரிகளின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் 33,000-க்கு மேற்பட்டோரோ, படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாயினர். அச்சின்னத்தைப் பேணும் ஆணையம் 2021-இல் இவ்வேற்றுமைக்கு மன்னிப்புக் கோரியது. சிங்கப்பூர்க் கிராஞ்சியில், இரண்டாம் யுத்தத்தில் மாண்ட 24,000-க்கு மேற்பட்டோரின் பெயர்களோடு இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் இருக்கக் காண்கிறோம். அங்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதக்காரர் நினைவே வரும். எல்லோர் பெயரையும் எழுதிய கை அது. அதற்குரியவர் பெயரை எழுதக் கல்லில் இடமில்லாது போயிற்று!

பின்னாளில் பேராக் தோட்டமொன்றுக்கு வந்த பாட்டனார், தம் மூத்த மகனுக்கு அவர் பெயரையே இட்டார். “சேரிக்காரன் பெயரா?” என்று உறவினர் சீறினர். “என் ஆத்தாளுக்கு என்னை உயிரோடு காட்டியவர் பெயர்” என்றாராம். அம்மகனைத் தோட்டத்துப் பள்ளிக்கு நாள் தவறாமல் அனுப்பியதும் அவர் நினைவாகவே.

அன்பர்களே, உங்கள் வீட்டு முதியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதி வையுங்கள். கல் மறந்ததைக் காகிதமேனும் காக்கட்டும்.