வெந்நீர்த் தாங்கி வாங்கிய கதை

மலைநாட்டில் வாழ்வோர்க்கு வெந்நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் நோர்வூட்டில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டேயிருக்கும். தை மாதத்து விடியலிலோ குழாய்நீர் கையை வெட்டுவது போலிருக்கும். இத்தகைய ஊரில், பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த எங்கள் வீட்டுச் சுடுநீர்த் தாங்கி, சென்ற மார்கழியில் துருவேறி ஒழுகத் தொடங்கிற்று. உட்கலமே இற்றுப்போன பின்னர் அதனைச் செப்பனிட்டுப் பயனில்லை.

அம்மா அதனைப் பொருட்படுத்தவில்லை. "லயத்திலே இருந்த காலத்தில் நமக்கு எந்தத் தாங்கி இருந்தது?" என்று கூறி, கவ்வாத்து மிலாறுகளை அடுப்பிலிட்டு அண்டாவில் நீர் காய்ச்சத் தொடங்கிவிட்டார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து கொய்தவர். இப்போது வயது எழுபத்திரண்டு. மூட்டுவலிக்கு வெந்நீர் இன்றியமையாதது. இழைப்புக்கோ அடுப்புப் புகை ஆகாது. ஆகவே, நாங்கள் தாமதித்த ஒவ்வொரு நாளும் அவருடைய நெஞ்சில் புகையாய் ஏறிற்று.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை கூறினர். மாமா, குழாயில் வரும் நீரை அக்கணமே சூடாக்கும் சிறு கருவியே மலிவு என்றார். தம்பி, சூரிய வெப்பத்தால் இயங்குவதே சிறந்தது, மின்கட்டணம் மிச்சமாகும் என்றான். இரண்டையும் தள்ளிவிட மனமின்றிக் காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன்.

உடன் சூடாக்கும் கருவி 3,500 வாட்டு வலுவுடையதாயின், 15 பாகை நீரை 40 பாகைக்கு உயர்த்தி நிமிடத்துக்கு 2 லீற்றர் மட்டுமே தரும். அதுவும் மின்னழுத்தம் 230 வோல்ற்று இருந்தால்தான். எங்கள் வீட்டில் மாலையில் விளக்குகள் மங்குவது வழக்கம். அழுத்தம் 190 வோல்ற்றுக்கு இறங்கினால், கருவியின் வலு மூன்றில் இரண்டு பங்காகிவிடும், வெந்நீர் வெதுவெதுப்பாகிவிடும். மேலும், அது 15 அம்பியர் மின்னை இழுக்கும். வீட்டின் பழைய கம்பிகள் அதனைத் தாங்கா.

சூரியக் கருவி தை முதல் பங்குனி வரை நன்றாய் உழைக்கும். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் முகில் மூடிய வாரங்களில் அதற்கும் மின்சாரமே துணை. இரு செலவையும் ஒருங்கே தாங்க எங்களால் இயலவில்லை. எரிவாயுக் கருவியை நான் எண்ணவேயில்லை. காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் அது வெளிவிடக்கூடிய காபனோரொட்சைட்டு மணமின்றி உயிரைக் குடிக்கும்.

எஞ்சியது சேமிப்புத் தாங்கி. 50 லீற்றர் நீரை 60 பாகைக்குக் காய்ச்ச ஏறக்குறைய 2.6 அலகு மின் செலவாகும். தண்ணீர் கலந்தால் அதுவே 90 லீற்றர் குளியல் நீராகும், ஆறு வாளி. 1,500 வாட்டுத் தாங்கி ஏழு அம்பியருக்குள் அடங்கும். அழுத்தம் குறைந்தாலும் காய்வதற்கு நேரம் கூடுமேயன்றி வெப்பம் குறையாது. மின் நின்றாலும், காய்ந்த நீர் சில மணி நேரம் சூடாயிருக்கும். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இதன் பயன் விளங்கும். ஆகவே அதனையே தெரிந்துகொண்டோம்.

மலிவான தாங்கியை வாங்கி, மிகுந்த பணத்தை நில இணைப்புக் கம்பிக்கும் 30 மில்லி அம்பியர் 'ட்ரிப் சுவிட்சு'க்கும் செலவிட்டோம். மாமா முகம் சுளித்தார். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் காசு கொடுப்பதில் யாருக்குத்தான் விருப்பம்? எனினும், நீரும் மின்னும் ஓரிடத்தில் கூடும்போது உயிரைக் காப்பவை அவையே. தாங்கியினுள் துருவைத் தன்மேல் ஏற்றுக் கரையும் மகனீசியக் கோல் ஒன்றுண்டு. ஓரிரு ஆண்டுக்கொரு முறை அதனைப் பார்த்து மாற்றினால் கலம் நெடுநாள் உழைக்கும்.

எங்கள் ஊரைக் கடந்து ஓடும் கெசல்கமுவ ஓயா, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, 1965 முதல் நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்கி வருகிறது. அந்த மின்சாரம் நாடெங்கும் விளக்கேற்றிய பின்னரும், எத்தனையோ லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அந்த லயமொன்றில் வளர்ந்த அம்மா, விசையொன்றைத் தட்டி நீர் காய்ச்சுவதை ஆடம்பரம் என்று எண்ணியதில் வியப்பில்லை.

இப்போது விடியுமுன் அவரே விசையைத் தட்டுகிறார். முதல் வாளி பள்ளிக்குச் செல்லும் பேரப்பிள்ளைகளுக்கு, தமக்கு மூன்றாவது. முதலாவதை அவருக்குக் கொடுக்கச் செய்வதற்கு ஏற்ற கருவி எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் அடுப்படியில் புகையில்லை; இரவில் அவருடைய இருமலும் குறைந்திருக்கிறது.