ஒன்பது வோல்ட்டுக்குள் ஒரு கணக்கு

வரிப்பத்தான்சேனையில் இருந்துகொண்டு ஹெட்போன் ஆம்ப் செய்யப் போறன் என்று சொன்னால், முதல் கேள்வி "என்னத்துக்கு?" என்றுதான் வரும். இரண்டாவது கேள்வி, "கடையில வாங்கினா என்ன?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

நான் பயான் பதிவுகள், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகள், கலியாண வீடியோக்களின் ஒலியைத் துப்புரவாக்கிக் கொடுக்கிற வேலை செய்கிறன். பெரிய வருமானம் இல்லை, ஆனா போன் பில்லும் கைச்செலவும் அதில்தான். கட்டார்ல இருந்து காக்கா ஒரு நல்ல ஹெட்போன் அனுப்பினார்: பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம். போனில் செருகிப் பார்த்தால் பாட்டு பரவாயில்லை. தாழ்வாகப் பதிவான பேச்சு மட்டும் தூரத்து வீட்டில் யாரோ கதைக்கிற மாதிரிக் கேட்டது. பேச்சுக்குப் பின்னால் ஃபேன் இரைகிறதா, மைக் வயர் கரகரக்கிறதா என்று கேட்காவிட்டால் என்ட வேலை அரைகுறைதான்.

கடை ஆம்ப் விலை எனக்கு எட்டாது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு, இறக்குமதிச் சாமான் எல்லாமே அப்படித்தான். அந்த வருசம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்க. அதை அனுபவிச்ச ஆளுக்கு பட்டரியில் ஓடுகிற ஆம்ப் என்றாலே ஒரு நிம்மதி.

ஆகவே சூ மோய் என்பவர் 1990களின் பிற்பகுதியில் வெளியிட்ட சின்ன ஆம்ப் வரைபடத்தை எடுத்தன். சீமோய் என்று உலகம் முழுக்கத் தெரியும். ஒரு 9 வோல்ட் பட்டரி, ஒரு ஐசி, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், அவ்வளவுதான். மிட்டாய் டின்னுக்குள் அடங்கும். உயர்தரம் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது புதிசில்லை. நாங்கள் பாடத்தில் படிக்கிற அதே செயற்பாட்டு விரியலாக்கிதான்.

ஆனால் எங்கட ஊரில் ஒரு பாகம் பிழைத்தால் அது ஒரு பஸ் பயணம். சாதாரண ரெசிஸ்டர் கல்முனையில் ரேடியோ திருத்துகிற கடைகளில் கிடைக்கும். நல்ல ஐசி வேணும் என்றால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, இல்லாட்டி ஒன்லைன். அதனால் ஒரு சதம் செலவழிக்க முன்னம் கொப்பியில் கணக்குப் போட்டன். எது "நல்ல" பாகம் என்று தேடவில்லை. எது எதோடு பொருந்தும் என்று தேடினன்.

கணக்கைத் தொடங்க வேண்டியது ஹெட்போனில் இருந்து. என்ட ஹெட்போன் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் தரும். 250 ஓமுக்கு ஒரு மில்லிவாட் என்றால் அரை வோல்ட். போன்கள் பல தருவதே ஏறக்குறைய அந்த அரை வோல்ட்தான். 9 வோல்ட் பட்டரியை நடுவில் பிரித்தால் மேலே நாலரை, கீழே நாலரை. ஐசி ஒவ்வொரு பக்கமும் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். மிச்சம் உச்சமாக மூன்று வோல்ட் அளவு. சராசரிக் கணக்கில் 2.1 வோல்ட், அதாவது ஏறக்குறைய 108 டெசிபெல். இதுக்கு மேல் எனக்குத் தேவையே இல்லை. இதே ஹெட்போன் உணர்திறன் குறைந்ததாக இருந்திருந்தால் இந்த ஆம்பே சரிவராது, இரண்டு பட்டரி போட வேண்டி வந்திருக்கும்.

அடுத்தது பெருக்கம். மூல வரைபடத்தில் அது 11. எனக்கு அரை வோல்ட்டை இரண்டு வோல்ட் ஆக்கினால் போதும், நாலு அஞ்சு மடங்கு. 1 கிலோ ஓமும் 3.9 கிலோ ஓமும் போட்டால் 4.9. பதினொன்று வைத்தால் வொலியூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே காதில் அறையும்.

இந்த இடத்தில் வாப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் வேணும். பல வருசம் அரிசி ஆலையில் வேலை செய்தவர். இப்ப வீட்டில் யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தரம்தான் திரும்பிப் பார்ப்பார். "வாப்பாக்குக் கேக்கல்ல" என்று உம்மா சாதாரணமாகச் சொல்லுவா. ஆனா பேரப்பிள்ளை காதுக்குள் ரகசியம் சொல்லும்போது அவர் சும்மா தலையாட்டுகிறதைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும். அவருக்கு அந்த இரைச்சலைக் குறைக்கிற குமிழ் கையில் இருக்கவில்லை. எனக்கு இருக்கு. வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை சொல்லுது. சத்தம் கூடக் கூட அந்த நேரம் விறுவிறு என்று குறையும். பெருக்கத்தை ஐந்துக்குள் நிறுத்தியதுக்கு முதல் காரணம் இதுதான்.

ஐசிக்கு வருவோம். பாடப் புத்தகத்து 741 ஒற்றை விரியலாக்கி. சோடி ஐசிக்குப் போட்ட சொக்கெட்டில் அது வேலை செய்யாது, கால் ஒழுங்கு வேற. டிஎல்072, என்ஈ5532, ஓபிஏ2134 மூன்றும் சோடி, ஒரே எட்டுக்கால் ஒழுங்கு. கால் பொருந்தினால் போதுமா? இல்லை. டிஎல்072, 5532 இரண்டுக்கும் குறைந்தது மொத்தம் 10 வோல்ட் அளவு வேணும் என்று பழைய தரவுத்தாள்கள் சொல்லுது. பட்டரி இறங்கி 7 வோல்ட்டுக்கு வந்தால் அவை என்ன செய்யும் என்று உத்தரவாதம் இல்லை. ஓபிஏ2134 மொத்தம் 5 வோல்ட் வரைக்கும் தாங்கும். அதனால் அதைத்தான் எடுத்தன். வாங்கும்போது சொக்கெட்டில் குத்துகிற டிப் வகையா, பலகையில் ஒட்டுகிற சின்ன வகையா என்று பாருங்க. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும்.

போலிகளும் இருக்கு. ஒரு சின்னச் சோதனை: ஹெட்போன் இல்லாமல் பட்டரிக் கம்பியில் மல்ட்டிமீட்டரை வைத்து மின்னோட்டம் பாருங்க. ஓபிஏ2134 என்றால் 8 மில்லியம்பியர் அளவு காட்டணும், நடுப்புள்ளி ரெசிஸ்டர்களுக்கு ஒன்று கூட. மூன்று நாலுதான் என்றால் டிஎல்072க்குப் பெயர் மாத்தி வித்திருக்கலாம். 5532 ஒளிந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை பிடிக்காது, அதுவும் அதே அளவுதான் இழுக்கும்.

பட்டரியை நடுவில் பிரிக்க இரண்டு 4.7 கிலோ ஓம், இரண்டு 220 மைக்ரோபரட். 250 ஓம் ஹெட்போனுக்கு இது தாராளம். 32 ஓம் இயர்போன் என்றால் இரண்டு காதின் மின்னோட்டமும் அந்தக் கெப்பாசிட்டர் வழியாகத்தான் திரும்பணும், 22 ஹேர்ட்ஸ் பக்கத்திலேயே தாழ்ந்த ஒலி தளரத் தொடங்கும். அதுக்கு 470 போடுங்க.

ரெசிஸ்டர் விசயத்தில் கல்முனை போதும். 5 சதவீத ரெசிஸ்டரை அப்படியே போட்டால் இடது வலது காதுக்கு இடையில் மோசமான நிலையில் 1.4 டெசிபெல் வித்தியாசம் வரலாம். ஒவ்வொரு பெறுமானத்திலும் பத்து வாங்கி, மீட்டரில் அளந்து, ஒன்றுக்கொன்று கிட்டவாக இருப்பதைச் சோடி சேர்த்தன். ஒரு சதவீத ரெசிஸ்டரின் வேலையை அது செய்தது. வொலியூமுக்கு 10 கிலோ ஓம் இரட்டை, லொக் வகை. லீனியர் வகை போட்டால் தொடக்கத்திலேயே சத்தம் தாவிவிடும்.

பெட்டிக்கு டின் தேடவில்லை, பிளாஸ்டிக் சோப்புப் பெட்டிதான். இந்த ஆம்பில் ஹெட்போன் ஜாக்கின் தரைக்கம்பி பட்டரியின் மைனஸ் இல்லை, நடுப்புள்ளி. இரண்டும் ஒரே டின்னில் தொட்டால் ஷோர்ட்.

ஒட்டி முடிந்ததும் ஹெட்போனைச் செருகவில்லை. வெளியீட்டில் நேரோட்ட வோல்ட்டை அளந்தன்: இரண்டு பக்கமும் 5 மில்லிவோல்ட்டுக்குள். இருபதுக்கு மேல் வந்தால் நிறுத்தித் தேடணும். பிறகு ஒரு பழைய இயர்போன், அதுக்குப் பிறகுதான் காக்காவின் ஹெட்போன். அல்கலைன் பட்டரி ஒன்று கணக்குப்படி நாற்பது மணித்தியாலம் ஓடணும். முதல் பட்டரி இரண்டு கிழமை வேலைக்குக் காணும்.

அன்றைக்கு இரவு ஒரு பயான் பதிவைப் போட்டன். மௌலவி மூச்சு எடுக்கிற இடம், பின்னால் யாரோ கதிரையை இழுக்கிறது, கீழே மெலிசாக ஃபேன் இரைச்சல். எல்லாம் கேட்டது. குமிழ் பாதிக்குக்கூடப் போகவில்லை.

செய்து பார்க்க நினைக்கிறவங்க முதலில் உங்கட ஹெட்போனின் ஓமையும் டெசிபெல்லையும் கொப்பியின் முதல் வரியில் எழுதுங்க. கடைக்காரர் "இத விட நல்ல ஐசி இருக்கு தம்பி" என்று சொல்லும்போது, அந்த வரியைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.