பின்னவலவும் உடவளவையும்

எமது மாதர் சங்கத்தினர் கிளிநொச்சியிலிருந்து இரண்டு நாள் பயணமாகத் தெற்கே போயிருந்தோம். முதலில் கேகாலை மாவட்டத்திலுள்ள பின்னவல. தாயை இழந்த யானைக்குட்டிகளுக்காக வனசீவராசிகள் திணைக்களம் 1975 இல் தொடங்கிய இடம் இது.

நாம் போனது குளிப்பு நேரம். கடைத்தெரு வழியாக யானைகள் வரிசையாக நடந்து மகாஓயாவில் இறங்கின. பெரியவை தண்ணீரில் சரிந்து படுக்க, குட்டிகள் அவற்றின் மேல் ஏறின. கரை முழுவதும் உல்லாசப் பயணிகள்.

அங்கே வளர்ந்த சாமா என்ற பெண்யானையின் கதையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். குட்டியாக இருந்தபோது மிதிவெடியில் முன்கால் ஒன்றின் பாதத்தை இழந்தது. உடல் வளர வளர முழுப் பாரத்தையும் மற்ற மூன்று கால்களே தாங்கின. எம்முடன் வந்த ஒரு சகோதரியும் மிதிவெடியில் காலை இழந்தவர். கதையைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கெண்டாலும் பலகை நட்டு வைச்சவை. அதுக்கு ஆர் சொன்னது?" என்றார்.

சாமாவைப் போன்றவற்றுக்குக் காடு சரிவராது. சாகும்வரை பராமரிப்பதே நியாயம். ஆனால் பின்னவலவில் 1984 முதல் குட்டிகளும் பிறக்கின்றன. 2021 இல் இரட்டைக் குட்டிகளும் பிறந்தன. இவை அநாதைகள் அல்ல, காட்டைக் கண்டவையும் அல்ல. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீன் வேண்டும், அதற்குப் பார்வையாளரின் பணம் உதவுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் காப்பாற்றுவதும் காட்சிக்கு வைப்பதும் ஒன்றாகுமா?

மறுநாள் இரத்தினபுரி வழியாக உடவளவை போனோம். அங்குள்ள யானைகள் இடைத்தங்கல் நிலையம் 1995 இல் ஆரம்பிக்கப்பட்டது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கிறார்கள். நாம் தள்ளி நின்றே பார்க்கலாம், தொட முடியாது. மனிதரோடு பழகிவிட்டால் பின்னர் காட்டில் வாழ முடியாது என்பதே காரணம். ஏறக்குறைய ஐந்து வயதில், சேர்ந்து வளர்ந்தவற்றைக் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். முதற் கூட்டம் 1998 இல் போனது. இன்றுவரை நூறுக்கு மேற்பட்டவை போய்விட்டன. சில காட்டிலேயே குட்டியும் ஈன்றுள்ளன.

முகாமில் இருந்த காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. சாப்பாடு தந்தார்கள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. இந்தக் குட்டிகளுக்கு அதுவும் குறித்தாயிற்று.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. "காட்டில விட்டா எங்கட வயலுக்கு வராதோ?" என்று ஒரு அக்கா கேட்டார். கணவனை இழந்து, குத்தகை வயலில் பிள்ளைகளை வளர்ப்பவர். ஒரே இரவில் ஒரு போகத்தை யானைக்குக் கொடுத்தவரிடம் விலங்குகளின் உரிமை பற்றிப் பேசுவது இலகுவல்ல. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டும் நாட்டில் 400 இற்கு மேற்பட்ட யானைகள் இறந்தன; 100 இற்கு மேற்பட்ட மனிதர் இந்த மோதலில் இறந்தனர். சுடப்பட்ட தாயின் குட்டிதானே உடவளவைக்கு வருகிறது!

பஸ்ஸில் வேலியைப் பற்றிப் பேசினோம். சில கிராமங்களில் காட்டோரத்தில் போடாமல் வயலைச் சுற்றி மின்வேலி போடுகிறார்கள். கிராமத்தவரே பராமரித்து, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். பிறகு யானை வந்து அரிதாளைத் தின்னலாம். "பற்றரிக் காசு ஆர் குடுக்கிறது?" என்று அக்கா கேட்டார். வவுனியா வந்தபோது, அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதைக் கதைக்கப் போவதாகச் சொன்னார்.