ஆயிரமா... ஆயிரத்து இருநூறா?

‘‘மூணு சிலிண்டர் போதும்டா. நாலாவது சிலிண்டர்ல யாரை உட்கார வைக்கப் போறே?’’

கார் வாங்குறதுன்னு முடிவான அன்னிக்கு அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லுல இருபத்தாறு வருஷம் ஃபிட்டரா இருந்த மனுஷன். அவர்கிட்ட போய் இன்ஜினைப் பத்தி வாயாடுறது, வாத்தியார் வீட்டு வாசல்ல உட்கார்ந்து பிட் எழுதுற மாதிரி!

எங்க வீட்டு முதல் கார். பொன்னேரியில வீடு, சிப்காட்ல எனக்கு வேலை. கம்பெனி பஸ் வந்துடும், இல்லேன்னா இருக்கவே இருக்கு கும்மிடிப்பூண்டி லோக்கல். ஆக, கார் எனக்காக இல்லை. முட்டி தேய்ஞ்சுபோன அப்பாவுக்காகவும், ‘கண்ணை மூடுறதுக்குள்ள திருத்தணி மலையை ஒரு தடவை பார்த்துடணும்’னு மூணு வருஷமா சொல்லிட்டிருக்கிற ஆயாவுக்காகவும்.

வேகன் ஆர்னு முடிவாச்சு. உயரமான கார், முட்டி வலிக்காரங்க ஏறி இறங்க வசதி. சிக்கல் அங்கேதான் ஆரம்பம். அதே கார்ல ரெண்டு இன்ஜின். ஒண்ணு 998 சிசி, மூணு சிலிண்டர், 67 குதிரைசக்தி. இன்னொண்ணு 1197 சிசி, நாலு சிலிண்டர், 90. ஷோரூம்ல எங்களுக்குக் கொடுத்த கொட்டேஷன்ல ரெண்டுக்கும் நடுவுல ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல வித்தியாசம். சரியா அதே அளவு பணத்தை, மழைக்கு ஒழுகுற மொட்டை மாடிக்கு தட்டு ஓடு பதிக்கன்னு அம்மா தனியா எடுத்து வெச்சிருந்தாங்க.

இப்போ புரியுதா என் கஷ்டம்?

அது ஏன் எல்லா கம்பெனியும் 1197, 1199னு பஸ் ஸ்டாப் தாண்டாம நிக்கிற பஸ் மாதிரி ஒரே இடத்துல வந்து நிக்கிறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். காரணம் இன்ஜினீயரிங் மட்டும் இல்லை, வரி! 2006 பட்ஜெட்ல நாலு மீட்டர் நீளத்துக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள இருக்கிற கார்களுக்கு கலால் வரியை 24 சதவிகிதத்துல இருந்து 16 ஆகக் குறைச்சாங்க. அதுவரை 1.3 லிட்டரோட வந்த ஸ்விஃப்ட்கூட 2010-ல 1197-க்கு இறங்கிடுச்சு. 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்பவும் அதே கோடுதான். 2025 செப்டம்பர் 22-ல இருந்து இந்தக் கோட்டுக்குள்ள இருந்தா 18 சதவிகிதம், தாண்டினா 40. நாங்க பார்த்த ரெண்டு இன்ஜினும் கோட்டுக்கு உள்ளேதான். அதனால வரி எங்க சண்டையைத் தீர்த்து வைக்கலை.

பேப்பரை எடுத்தேன். கம்பெனி கணக்குப்படி சின்ன இன்ஜின் லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர், பெருசு 23.56. (ரோட்டுல ரெண்டுமே இதைக் கொடுக்காது, அது வேற கதை!) வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர்னு வெச்சா வித்தியாசம் பதினாலு லிட்டர்கூட வரலை. லிட்டர் நூறு ரூபாய்னா, வருஷத்துக்கு ஆயிரத்து நானூறு. அடுத்து இன்ஷூரன்ஸ். ஆயிரம் சிசியைத் தாண்டினா தேர்ட் பார்ட்டி கட்டணம் ஒரு படி ஏறும். 2022 அறிவிப்புப்படி புதுக் காருக்கு மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுற தொகை 6,521-ல இருந்து 10,640. ஆக, ஓட்டுற செலவுல பெரிய பள்ளம் இல்லை. பள்ளம் முதல்ல கொடுக்கிற ஐம்பதாயிரத்துலதான்... அதாவது மாடியில!

‘‘சிசியை மட்டும் பார்க்காதே மச்சி’’ன்னு ஆபீஸ்ல ஒருத்தன் குழப்பினான். அவன் சொன்னதும் நியாயம்தான். நம்ம திருவள்ளூர் ஆலையில செய்யுற சிட்ரோயன் சி3-யையே எடுத்துக்குங்க. 2022-ல வந்தப்போ ரெண்டு இன்ஜினுமே 1.2 லிட்டர்தான். டர்போ இல்லாதது 82 குதிரை, டர்போ போட்டது 110. ஆனா, டர்போ விலையைக் கேட்டா மாடியோட சேர்த்து ஹாலும் ஒழுகும்.

டெஸ்ட் டிரைவ் போனேன். நானும் சேல்ஸ்மேனும் மட்டும். ரெண்டு காரும் பறந்துச்சு. ‘‘பிக்கப் பார்த்தீங்களா சார்?’’னு ரெண்டுலயுமே கேட்டார். எனக்கு வித்தியாசம் தெரியலை. அப்பா ஜெயிச்சுட்டார்னே நினைச்சேன்.

புக் பண்றதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நண்பன் ஒருத்தன்கிட்ட அவனோட பழைய ஆயிரம் சிசி காரைக் கேட்டு வாங்கினேன். ஆயாவோட வேண்டுதலை முடிச்சுட்ட மாதிரியும் ஆச்சு, இன்ஜினைப் பார்த்த மாதிரியும் ஆச்சுன்னு ஒரு கணக்கு. அப்பா முன்னாடி. அம்மா, தங்கச்சி, நடுவுல ஆயா பின்னாடி. டிக்கியில புளிசாதம் முதல் பாய் வரைக்கும் எல்லாம். ஏ.சி. ஃபுல்லு.

ஜனப்பன்சத்திரம் கூட்ரோட்டுல திரும்பி பெரியபாளையம் தாண்டினதும் முன்னால ஒரு செங்கல் லாரி. கொஞ்ச நேரம் புகையைக் குடிச்சுட்டே போனேன். எதிர்ல காலின்னு தெரிஞ்சதும் வலது பக்கம் ஒதுங்கி மிதிச்சேன். சத்தம் வந்துச்சு. வண்டி வரலை. லாரியோட பாதி நீளத்துல நான் இருக்கும்போது தூரத்துல பஸ் தெரியுது. முன்னாடியும் போக முடியலை, பின்னாடி வர்ற பைக்காரன் என் இடத்தைப் புடிச்சுட்டான். ஆயா ‘முருகா’ன்னாங்க. லாரி டிரைவர் யாரோ புண்ணியவான்... பிரேக் போட்டு எங்களை உள்ளே விட்டார். பஸ் உரசுற மாதிரி போச்சு. தங்கச்சி என் சட்டைக் காலரைப் புடிச்சிருந்தா. எப்போ புடிச்சான்னே தெரியாது.

தப்பு என்னுதுதான். நாலாவது கியர்லயே மிதிச்சேன். மூணுக்கு இறக்கி, ஏ.சி.யை அணைச்சுட்டு ஏறியிருக்கணும். தனியா டெஸ்ட் டிரைவ் போனப்போ இதெல்லாம் தேவைப்படவே இல்லை. அஞ்சு பேரும் மூட்டையும் சேர்ந்தா முன்னூத்தைம்பது கிலோ. எண்ணூத்துச் சொச்சம் கிலோ எடையுள்ள காருக்கு அது என்ன சும்மாவா!

அப்பா ஒரு வார்த்தை பேசலை. மலை ரோட்டுல ஏ.சி.யை அணைச்சுட்டு ரெண்டாவது கியர்ல உறுமிக்கிட்டே ஏறிச்சு. ஏறிடுச்சு, குறை சொல்லக் கூடாது. ஆயா கண்ணுல தண்ணியோட கும்பிட்டாங்க. பிரசாதக் கடை பக்கத்துல நிழல்ல உட்கார்ந்தப்போதான் அப்பா வாயைத் திறந்தார்.

‘‘மில்லுல மோட்டார் போடுறப்போ ஓடிட்டு இருக்கிற லோடைப் பார்த்துப் போட மாட்டோம்டா. பழுத்த இரும்பு ரோலுக்குள்ள வாய் வைக்கும் பாரு, அந்த ரெண்டு செகண்ட் லோடு. அதுக்குத்தான் கணக்கு. அதுக்குன்னே அத்தனை பெரிய ஃப்ளைவீலும் வெச்சிருப்போம். இருபத்தாறு வருஷம் அதைத்தான் பார்த்தேன். வீட்டு வண்டின்னதும் எனக்குக் காசு மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சுது.’’

‘‘கியரை இறக்கியிருந்தா போயிருக்கும்பா.’’

‘‘போயிருக்கும். பயத்துல எல்லா நேரமும் கை கியருக்குப் போகுமா?’’

என் கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர் கவரைப்பேட்டையில இருந்து தனியாளா கார்ல வர்றார். அவருக்கு ஆயிரமே ஜாஸ்தி. சி.என்.ஜி.யும் அந்தச் சின்ன இன்ஜின்லதான் வருதுன்னு அதையே எடுத்தார், சந்தோஷமா இருக்கார். நான் அவருக்கு மாத்திச் சொல்லவே மாட்டேன். எங்க வீட்டுல கார் எடுத்தா அஞ்சு பேரும் ஏறுவாங்க, சமயத்துல பக்கத்து வீட்டு வாண்டு ஒண்ணும் சேர்ந்துக்கும்.

மறுநாள் ஷோரூமுக்கு அப்பாவே போன் பண்ணி 1197-ன்னு சொன்னார். அம்மா பீரோவைத் திறந்து, மஞ்சப் பையில சுத்தி வெச்சிருந்த பணத்தை எடுத்து மேஜை மேல வெச்சாங்க. ‘‘எண்ணிக்கோ’’ன்னு மட்டும் சொன்னாங்க.

ஐப்பசி மழை வந்துச்சு. ஹால்ல வழக்கமான இடத்துல வழக்கமான பச்சை பக்கெட். சொட்டு... சொட்டு... அப்பாவைக் காணோம். எங்கேன்னு அம்மாகிட்ட கேட்டேன்.

‘‘கார் நனையுதாம். கவர் வாங்கப் போயிருக்கார்!’’