கீரிமலையில் மலை இல்லை

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கடலோரத்தில் நன்னீர்க் கேணி இருக்கிறது, ஆடி அமாவாசைக்குச் சனம் இருக்கிறது, மலை மட்டும் இல்லை. எங்களில் பலர் ஊரில் இருந்தபோது ஏறிய ஒரே மலை சிவனொளிபாதமலை. அது 2243 மீற்றர். உயரத்தை மட்டும் பார்த்தால் பிரித்தானியாவில் எந்த மலையும் அதற்குக் கிட்ட வராது. ஆனால் அங்கே படி உண்டு. பருவகாலத்தில் இரவு முழுக்க விளக்கு எரியும். களைத்த இடத்திலெல்லாம் தேத்தண்ணிக் கடை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு ஏறுகிற கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலை என்றால் எங்கள் மனதில் இருந்தது அதுதான்.

ஆகவே வேல்ஸில் உள்ள ஸ்னோடன் 1085 மீற்றர் என்று தெரிந்ததும் மாஸ்டர் சிரித்தார். "பாதி கூட இல்லை" என்றார். போதாக்குறைக்கு அந்த மலைக்கு 1896-ஆம் ஆண்டிலிருந்து ரெயின் ஓடுகிறது. உச்சியில் கோப்பிக் கடை இருக்கிறது. "ஏறிப்போய்க் கோப்பி குடிச்சிட்டு ரெயினில இறங்குவம்." 2012 இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமைக்கான திட்டம் அவ்வளவுதான்.

நாங்கள் ஐந்து பேர். பெயர்கள் வேண்டாம். மாஸ்டர் ஊரில் கணிதம் படிப்பித்தவர். லண்டனிலும் சனி ஞாயிறில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுப்பவர். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கடைக்காரர் ஹரோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ராக்ஸி அண்ணையின் தொழிலை அவருடைய பட்டமே சொல்லும். நான் தபால் பட்டுவாடா செய்துகொண்டிருந்தேன். ஐந்தாவது ஆள் தம்பி. கடைக்காரருக்குத் தூரத்துச் சொந்தம், இருபத்தாறு வயது, 2010-இல் வந்து சேர்ந்தவன். அவனுடைய அகதி வழக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருந்தது. லண்டனிலிருந்து கொழும்புக்குத் தனி விமானம் பிடித்து ஆட்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமைகளில் அவன் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். கையெழுத்து வைக்கப் போகிறவர்களை அப்படியே உள்ளே வைத்துக்கொள்வதும் உண்டு.

வெள்ளி இரவு கடை பூட்டிய பிறகு புறப்பட்டோம். காரின் பின்பெட்டியில் நாற்பது மட்டன் ரோல்ஸ், இடியப்பம், சம்பல், பெரிய பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி, ஒரு பிராந்திப் போத்தல். உடுப்பென்று பார்த்தால் நாலு பேர் ஜீன்ஸ். மாஸ்டர் கம்பளி மேலங்கியும், கோயிலுக்குப் போகும் தோல் சப்பாத்தும். என்னிடம் வேலைக்குத் தந்த மழையங்கி இருந்தது. லண்டன் மழையில் ஆறு நாளும் நடக்கிறவனுக்கு அது இல்லாமல் வெளியே இறங்க வராது. தம்பியிடம் ஒரு சிறிய முதுகுப்பை. "என்னடா, ஒரு மாதம் தங்கப் போறியோ?" என்று ராக்ஸி அண்ணை பகிடி விட்டார். அவன் சிரித்தான்.

வழி நெடுக ஒரே கதை. வன்னியில் சனம் செருப்பில்லாமல் எத்தனை மைல் நடந்தது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தது, நாங்கள் அந்த மண்ணில் பிறந்தவர்கள், இந்த வெள்ளைக்காரனின் குன்றுக்குப் பயப்படுவதா? மாஸ்டர் 1987-இல் வந்தவர். கடைக்காரர் 1985. ராக்ஸி அண்ணை 1991. நானும் தொண்ணூறுகளில் வந்தவன்தான். அந்த நடையில் எங்களில் நாலு பேர் இல்லை. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தவன் பின்சீற்றில் யன்னலோரம் இருந்து ஒரு சொல்லும் சொல்லாமல் இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். இரவல் நகை போட்டுக்கொண்டு கலியாணத்துக்குப் போவது போல, இரவல் துணிவு போட்டுக்கொண்டும் போகலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

பென்-இ-பாஸ் என்கிற கணவாயில்தான் பாதை தொடங்குகிறது. அங்கே கார் நிறுத்த இடமில்லை. திரும்பக் கீழே போய், கீழ்க் கிராமத்தில் நிறுத்தி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழு பயிற்சி எடுத்த பக்கம் இது. அவர்கள் தங்கிய விடுதி இன்னும் அருகில் இருக்கிறது. கடைக்காரருக்கு இதைச் சொன்னேன். "அவங்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டிருக்கு" என்றார்.

முதல் ஒரு மணித்தியாலம் உண்மையிலேயே அழகு. கீழே நீலமாக ஏரி, அதன் குறுக்கே பழைய செம்புச் சுரங்கக்காரர் போட்ட கல்லணை, மேயும் செம்மறிகள். ரோல்ஸ் இருபது முடிந்தது. படம் எடுத்தார்கள், வீடியோ எடுத்தார்கள், கனடாவுக்கு அழைத்துக் காட்ட முயன்றார்கள். பிறகு ஒரு கழுத்துப் போன்ற இடத்தில் ஏறி நின்றதும் காற்று வந்து முகத்தில் அறைந்தது. அதோடு மழை. இந்த மலைத்தொடரின் சில இடங்களில் வருடத்துக்கு 4000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. யாழ்ப்பாணத்து மழை அதில் மூன்றில் ஒரு பங்கு தேறும். மேலே போகப் போக ஆயிரம் மீற்றருக்கு ஆறேழு பாகை சூடு குறையும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் மாஸ்டருக்கும் தெரிந்ததுதான்.

"திரும்புவம் அண்ணை" என்றான் தம்பி. அன்றைக்கு அவன் சொந்தமாகத் தொடங்கிய முதல் பேச்சு.

"எட, நீ சொல்லலாமோ உதை?" என்று மாஸ்டர் அவன் முதுகில் தட்டினார்.

அரை மணித்தியாலம் கழித்து இறங்கி வந்த ஒருவர், காற்று அதிகம் என்பதால் ரெயின் இன்று உச்சிக்கு வரவில்லை என்றார். தம்பி மறுபடியும் சொன்னான். நானும் அவனோடு நின்றேன். ஆனால் கார்த் திறப்பு ராக்ஸி அண்ணையிடம், முடிவு மாஸ்டரிடம். ஊர்ச் சங்கத்திலிருந்து மலை வரை எங்கள் ஆட்களின் ஒழுங்கு அது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு உச்சியைத் தொடாமல் போனால் சங்கத்துக்காரர் என்ன சொல்வார்கள் என்பது கடைக்காரரின் கவலை.

உச்சிக்கு முந்திய கடைசி ஏற்றம் செங்குத்து. பாதை வளைந்து வளைந்து போகும். முகிலுக்குள் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஜீன்ஸ் நனைந்து காலோடு ஒட்டிக் கனத்தது. நனைந்த பருத்தி சூட்டைப் பிடித்து வைக்காது, உடம்பிலிருந்து உறிஞ்சி எடுத்துவிடும். மாஸ்டர் முதலில் நடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. நல்லது என்று நினைத்தோம். பேச்சு மட்டும் கொழகொழவென்று வந்தது. ஒரு கல்லில் இருந்தார். "நீங்கள் போங்கோ. நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்" என்றார், மிகவும் அமைதியாக.

தம்பி பாய்ந்து வந்தான். "இருக்க விடாதேங்கோ! இருந்தால் எழும்ப மாட்டார்!" அப்படி ஒரு குரல் அவனிடமிருந்து நாங்கள் கேட்டதில்லை. மாஸ்டரின் சட்டையைப் பிடித்து உலுப்பினான். வயதுக்கும் படிப்புக்கும் நாங்கள் வைத்திருந்த மரியாதை ஒன்றும் அந்தப் பிடியில் இல்லை. "இப்பிடித்தான் சொல்லுவினம். கொஞ்சம் இருந்திட்டு வாறம் எண்டுதான் சொல்லுவினம்." யாரைச் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகுதான் அந்தப் பையைத் திறந்தான். பொலித்தீனில் சுற்றிய ஒரு சோடி உடுப்பு, இரண்டு சோடி காலுறை, துவாய், குளுக்கோஸ் பிஸ்கற், பரசிற்றமோல், வழக்கறிஞரின் தொலைபேசி இலக்கம் எழுதிய அட்டை. கையெழுத்து வைக்கப் போகும்போது, உள்ளே வைத்துவிட்டால் என்று கொண்டுபோகும் பை. வீட்டில் அது எப்போதும் கட்டியபடியே இருக்கும், வெளியே எங்கே போனாலும் அதுவும் வரும் என்று கடைக்காரர் பிறகு சொன்னார். மாஸ்டரின் ஈரத்தைக் கழற்றி அந்த உடுப்பை மாட்டினோம். மேலே என்னுடைய மழையங்கி.

அந்த நேரம் இறங்கி வந்துகொண்டிருந்த முதிய தம்பதி எங்களைக் கண்டு நின்றார்கள். அந்த அம்மாவின் கையில்தான் பிறகு எல்லாம் இருந்தது. செம்மஞ்சள் நிறத்தில் ஆள் புகக்கூடிய பிளாஸ்ரிக் பை ஒன்றை விரித்து மாஸ்டரை உள்ளே இறக்கினார். ராக்ஸி அண்ணை நீட்டிய பிராந்தியை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். குளிரில் விறைத்தவருக்கு மது கொடுத்தால் தோலுக்கு இரத்தம் ஓடி உள்ளேயிருக்கிற சூடும் போய்விடுமாம். கணவர் விசில் எடுத்து ஊதினார். ஒரு நிமிடத்துக்குள் ஆறு தரம், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. அதுதான் மலையில் உதவி கேட்கும் முறை. பதிலாக மூன்று ஊதல் வரவேண்டும். வரவில்லை.

எங்கள் தொலைபேசிகள் படமெடுத்தே செத்துப்போயிருந்தன. அந்தப் பெரியவருடையதில் அந்த இடத்தில் சமிக்ஞை இல்லை. தம்பியிடம் இருந்தது பத்துப் பவுணுக்கு வாங்கிய, கமரா இல்லாத பழைய போன். தடுப்பு முகாமுக்குள் கமரா உள்ள போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் அவன் அதைத்தான் வைத்திருப்பான். பற்றரி நிறைய இருந்தது. மேலே கணவாயில் நிற்கும் கல்லடிக்குப் போனால் சமிக்ஞை கிடைக்கும் என்றார் பெரியவர். வரைபடத்தைப் பார்த்து ஓர் எட்டு இலக்க எண்ணைத் துண்டில் எழுதினார். "999. முதலில் பொலிஸைக் கேள். பொலிஸ் வந்ததும் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்."

"பொலிஸ்?" என்றான் தம்பி.

"ஆம். பொலிஸ்தான் அவர்களை அழைக்கும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் போனை வாங்கக் கை நீட்டினேன். தம்பி துண்டை வாய்க்குள் ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு, முகிலுக்குள் ஏறிப் போய்விட்டான்.

இருபது நிமிடம் இருக்கும். திரும்பி வந்து மாஸ்டரின் பக்கத்தில் குந்தினான். "சொல்லீட்டன். வருகினமாம்." பிறகு மாஸ்டரின் கன்னத்தில் தட்டி, "மாஸ்டர், பதின்மூண்டாம் வாய்ப்பாடு சொல்லுங்கோ" என்றான். மாஸ்டர் தொடங்கினார். ஏழாவதில் நின்றுவிட்டார். வாழ்க்கை முழுக்கப் பிள்ளைகளின் காதைத் திருகிய மனிதருக்கு, பதின்மூன்றை ஏழால் பெருக்க வரவில்லை. எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. தம்பி விடவில்லை. "தொண்ணூற்றொண்டு. இனி எட்டு."

மீட்புக் குழு நடந்துதான் வந்தது. அக்காலத்தில் ஆங்கிள்சித் தீவிலிருந்து விமானப் படையின் மஞ்சள் ஹெலிகொப்ரர் வரும். முகில் மூடியிருந்ததால் அது மேலே வர முடியவில்லை. (இளவரசர் வில்லியம் அப்போது அங்கே மீட்பு விமானியாக இருந்தார். 'முகில் மட்டும் இல்லாட்டி...' என்று ராக்ஸி அண்ணை இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.) எட்டோ பத்தோ பேர், எல்லாரும் சம்பளமில்லாத தொண்டர்கள். சனிக்கிழமைச் சாப்பாட்டை விட்டு எழும்பி வந்தவர்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. சப்பாத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டரைச் சூடாக்கி, தூக்குப்படுக்கையில் கட்டி, ஏரிக்கரை வரை இறக்கினார்கள். அங்கே வண்டி நின்றது.

கணவாய்க்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பொலிஸ்காரர் ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு காத்திருந்தார். கீழ்க் கிராமத்துக்குப் போகும் பஸ் ஏறுவதற்குத் தயாராக நின்றது. "நீ ஏறு, நாங்கள் கதைக்கிறம்" என்று கடைக்காரர் தமிழில் சொன்னார். தம்பி அசையவில்லை. அழைத்தவர் யார் என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"நான்தான்" என்றான். பெயரைச் சொன்னான். நீளமான பெயர். எழுத்து எழுத்தாகச் சொன்னான். அந்த மனிதருக்கு நீண்ட பெயர்கள் புதிதல்ல. அந்த நாட்டு ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். எழுதி முடித்து, இலக்கத்தைத் தெளிவாகச் சொன்னது நல்ல உதவி என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

மாஸ்டரை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். பில் வரும் என்று கடைக்காரர் மாதக்கணக்கில் தபாலைப் பார்த்தார். மீட்புக்குக் கட்டணம் இல்லை என்பதை அவர் நம்பவில்லை. தபால்காரன் நான் சொல்லியும் நம்பவில்லை.

அந்த மலைக்கு வேல்ஸ் மொழியில் எர் உவித்வா என்று பெயர். கல்லறை மேடு என்பது பொருள். ஓர் அரக்கனைப் புதைத்த இடமாம். 2022 நவம்பரில் தேசியப் பூங்கா நிர்வாகம் இனி அந்தப் பெயரையே புழங்குவது என்று முடிவெடுத்தது. ஊர்ப் பெயர்களுக்காக எவ்வளவோ பேசுகிற நாங்கள் ஐந்து பேரும் அன்று அதை ஸ்னோடன் என்றே சொல்லி ஏறினோம்.

அடுத்த செவ்வாய் தம்பிக்குக் கையெழுத்து நாள். மாஸ்டர் அவனுடைய உடுப்பைத் தோய்த்து, ஸ்திரி போட்டு, திங்கள் இரவே கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் அதைப் பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைத்தான். மறுநாள் மாஸ்டர் ரியூசனை நிறுத்திவிட்டு என் வீட்டில் வந்து இருந்தார். தேத்தண்ணி ஆறியது. மாலை நாலு மணிக்கு எனக்குக் குறுஞ்செய்தி வந்தது: வெளியில வந்திட்டன் அண்ணை.